பக்கந்தான் தரகர்

வீட்டுத் தரகருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. எந்த வீட்டைக் காட்டினாலும், "பஸ் ஸ்டாண்டா? பக்கந்தான். பள்ளிக்கூடமா? அதுவும் பக்கந்தான்" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

அந்த நகரத்தில் மேடு என்றால் மரியாதை. அதை ஒட்டிச் சரிந்து சாக்கடைப் பாலம் வரை போவது பள்ளம். பக்கந்தான் வாடகைக்கு இருந்தது பள்ளத்தில், பிழைத்தது மேட்டின் பேரைச் சொல்லி. வீடு பார்க்க வருகிறவர்களைப் பாலத்து வழியாக ஒருநாளும் கூட்டி வரமாட்டார். மேட்டுப் பூங்காவைச் சுற்றி, மரநிழலில் பேச்சுக் கொடுத்தபடியே நடத்தி, பின்சந்து வழியாக உள்ளே நுழைத்துவிடுவார். "மேட்டோட கடைசித் தெருங்க இது!" காற்று திரும்பி, வந்தவர்கள் மூக்கைப் பொத்துவதற்குள் பேச்சு முடிந்திருக்கும்.

வருஷக்கணக்கில் இப்படிச் சொல்லிச் சொல்லி ஊரையே நம்பவைத்துவிட்டார். பள்ளத்துச் சலூன்காரர்கூடத் தன் பலகையில் மேடு என்று எழுதிக்கொண்டார். வாடகை ஏறியது. பக்கந்தானின் வீட்டுக்காரருக்கும் ஆசை வந்தது.

"அண்ணே, நீங்க குடுக்கிறது பள்ளத்து வாடகை. இப்பதான் இது மேடாயிடுச்சே! நீங்களே நல்ல குடும்பமாப் பாத்துக் குடி வச்சிட்டு, வேற எடம் போயிடுங்க. உங்க கமிஷன் உங்களுக்கு."

பக்கந்தானின் மனைவி கொதித்துப்போனாள். பக்கத்து வீட்டில்தான் அவளுடைய கூடப்பிறந்த அக்கா. புருஷனை இழந்தவள், முழங்கால் வேறு மடங்காது. சுவரில் தட்டினால் இவள் ஓடவேண்டும்.

"ஊரெல்லாம் குடி வச்சீங்க, இப்ப நம்மளக் கெளப்பிட்டீங்க. எங்க அக்காவ விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன். வர்றவங்க பயந்து ஓடுற மாதிரிப் பேசுங்க. அதுகூடவா வராது?"

வராதுதான். புகழ்ந்தே பழகிய வாய். இருந்தாலும் துணிந்தார். அடுத்து வந்த புருஷன் பெண்டாட்டியைப் பாலத்து வழியாகவே கூட்டிவந்து, தன் வீட்டுக்கு எதிரே சாக்கடை ஓரமாக நிற்கவைத்தார்.

"நல்லாப் பாத்துக்குங்க. இது மேடு இல்ல, பள்ளம். மழை வந்தா தண்ணி வாசப்படி ஏறும். கொசு ஆளையே தூக்கிட்டுப் போயிடும். பஸ் ஸ்டாண்டு..." நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒருவழியாக, "தூரம்" என்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தனை தரகருங்க பின்னாடி அலைஞ்சோம்! உள்ளத உள்ளபடி சொன்ன மொத ஆளு நீங்கதாண்ணே" என்று அந்தப் பெண் கண் கலங்கினாள்.

"இவர் வாயாலயே இவ்வளவுதான் கொறைன்னா, இதுக்கு மேல ஒண்ணும் இருக்காது. முடிச்சிடுவோம்" என்றான் புருஷன்.

கதவிடுக்கில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பக்கந்தானின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

பக்கந்தானுக்குக் கிடைத்த வீடு நகர எல்லையெல்லாம் தாண்டி, செங்கல் சூளைகளுக்கும் அப்பால், மாவட்டத்தின் கோடியில் இருந்தது. சாமான் வண்டி கிளம்பும்போது அக்கா வாசல் நிலையைப் பிடித்தபடி வந்து நின்றாள். தங்கை வண்டியில் ஏறி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா தங்கை புருஷனைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க தம்பி. புது வீடு எவ்வளவு தூரம்?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பக்கந்தான் அண்ணி."

அக்கா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.