இத்தாலி வண்டியின் வலது பக்கக் கப்

என் அண்ணன் தாராவியில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறான். தங்கமான மனுஷன்தான், ஆனால் பட்டறைக்குள் அவன் சொன்னதுதான் சட்டம். அங்கே நாலு பேர் முன்னால் நான் அவனை மறுத்துப் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத விதி. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, செம்பூரில் ஒரு பள்ளிக்கூட லேபில் வேலை, வாயும் கொஞ்சம் நீளம். இருந்தும் அந்த விதியை நான் மீறியதில்லை.

போன மழைக்காலம் முடிந்ததும், மாட்டுங்காவில் வீடு காலி செய்த ஒருவரிடமிருந்து பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். வெளிர்நீல ஃபிரேம், கீறல்கூட இல்லை. பார்த்ததும் அப்படி ஒரு ஆசை! மிதித்தால்தான் கடகடவென்று ஆடியது. பெடல் மாட்டுகிற இரண்டு கிராங்கையும் தாங்குகிற ஆக்சில் தேய்ந்துபோயிருந்தது. அதை மாற்ற, ஃபிரேமின் அடிக்குழாயில் இரு பக்கமும் மரையால் இறுக்கியிருக்கும் கப்புகளைக் கழற்றியாக வேண்டும்.

வண்டியை அண்ணன் பட்டறைக்குக் கொண்டுபோனேன். இடது கப் அவன் கைக்குச் சமர்த்தாகக் கழன்றது. வலதுதான் வம்பு. நம் ஊர் சைக்கிள்களில் வலது கப்புக்கு மட்டும் எதிர்மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அண்ணனின் கை தானாகவே அந்தப் பக்கம் போகும். ஆனால் இத்தாலிக்காரன் இரண்டு பக்கமும் நேர்மரைதான் போடுவான், இடப்பக்கம் திருப்பினால்தான் கழலும். நான் அடிக்குழாயின் அகலத்தை லேப் வெர்னியர் அளவியால் அளந்து, இத்தாலி அளவுதான் என்று உறுதி செய்து, அதற்கேற்ற புது ஆக்சில் செட்டையும் வாங்கிக் கைப்பையில் வைத்திருந்தேன்.

"அண்ணே, இது இத்தாலி வண்டி, அடிக்குழாய் அகலம் எழுபது மில்லிமீட்டர் இருக்கு. ரெண்டு பக்கமும் நேர்மரையா இருக்கும்..." என்று இழுத்தேன்.

"ஏட்டி, முப்பது வருசமா கப்பு கழத்துதேன். எனக்கு நீ சொல்லித் தாரியாக்கும்?"

ரிப்பேருக்கு வண்டி கொண்டுவந்து காத்திருந்த மூன்று பேர் சிரித்தார்கள். அவன் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி வலப்பக்கமே அழுத்தினான். கப் இன்னும் இறுகியது. வியர்த்துக் கொட்ட நிமிர்ந்தவன், "துரு பிடிச்சிருக்கு. கேஸ் வச்சு சூடு காட்டுவோம். வராட்டா அறுத்து எடுத்துரலாம்" என்றான்.

அறுப்பதா! அறுத்தால் மரை போகும், மரை போனால் என் ஃபிரேம் பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும். சூடு காட்டும் கேஸ் டார்ச்சை வாங்கிவர அண்ணன் பக்கத்து வெல்டிங் கடைக்குப் போனான்.

அவன் தலை மறைந்ததுதான் தாமதம், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஸ்பேனரில் சொருகியிருந்த குழாயில் என் முழு எடையையும் இடப்பக்கமாகப் போட்டேன். "அரே தீதீ, உல்டா, உல்டா!" என்று, நான் தலைகீழாகத் திருப்புவதாகக் காத்திருந்தவர்கள் கத்தினார்கள். உல்டாவாவது ஒன்றாவது! 'டக்' என்று சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் கப் என் உள்ளங்கையில் இருந்தது.

டார்ச்சோடு வந்த அண்ணன் கப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மூன்று பேர் முன்னால் அவன் மானத்தை வாங்கிவிட்டேனே.

"நான் லூஸ் பண்ணி வச்சேம்லா, அதான் வந்துட்டு" என்றான்.

"ஆமாண்ணே" என்றேன். எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஃபிரேம் பிழைத்ததே, அது போதும்.

அதன்பின் அவன் மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, புது செட்டை இறுக்கி, பழைய கிராங்குகளையே பொருத்தினான். செயின் நேராக ஓடுகிறதா என்று மூன்று முறை குனிந்து பார்த்தான். வேலை என்று வந்துவிட்டால் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. தொண்ணூறடி ரோட்டில் ஒரு சுற்றுப் போனேன். ஆட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. சந்தோஷத்தில் குறுக்கே வந்த டெம்போக்காரனைக்கூட நான் திட்டவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணன் ரோட்டுக்கு முதுகு காட்டி, புதிதாக வந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தான். அந்த மூன்று பேரும் அங்கேயேதான் நின்றார்கள்.

"இத்தாலி வண்டிவே. எழுபது மில்லி, ரெண்டு பக்கமும் நேர்மரை. எனக்குத் தெரியல. எந்தங்கச்சிதான் கழத்துனா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் பார்ப்பதற்குள் வண்டியைத் திருப்பி, இன்னொரு சுற்றுப் போனேன்.