மூன்றாம் மாடி மெதுவாக்கா

இரண்டாவது மாடித் திருப்பம் வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார். மீதிப் படிகளில் வெறுங்கால்தான். பின்னால் வரும் இரண்டு பிள்ளைகள் கையிலும் செருப்பு. மூன்று பேர் ஏறி வந்தார்கள் என்பதே பக்கத்துக் கதவில் சாவி திரும்பும்போதுதான் எனக்குத் தெரியும். எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் மெதுவாக்கா. “மெதுவா, மெதுவா” என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்லிச் சொல்லி நிலைத்துப்போன பெயர். எனக்கு மகள் வயது இருக்கும். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கும் வேலை. விடிவதற்குள் போய், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குத் திரும்பிவிடுவார். கணவர் லாரி ஓட்டுகிறார். எப்போதாவது வருவார், வந்தவுடன் படுத்துவிடுவார். கீழ்வீட்டிலும் பகலெல்லாம் ஒருவர் தூங்குவார். “ஆம்பளைங்கன்னாலே தூங்குறவங்கன்னு எங்க வீட்டுப் பிள்ளைங்க நினைச்சுக்கிட்டு இருக்கு சார்” என்பார் மெதுவாக்கா. சிரிப்பார், ஆனால் வாயைப் பொத்திக்கொண்டுதான்.

கீழ்வீட்டு மாமாவுக்குத் தகரப் பட்டறையில் இரவு வேலை. இவர்கள் குடிவந்த புதிதில் பிள்ளைகள் கூடத்தில் கயிறு தாண்டினார்கள். கீழிருந்து துடைப்பக் கட்டை இடித்தது. இவரும் லேசுப்பட்டவரில்லை, குதிகாலால் திருப்பி இடித்தார். சில நாள் கட்டையும் காலும் மல்லுக்கு நின்றன. பிறகு மாமாவே படியேறி வந்தார். சண்டை பார்க்கலாம் என்று நானும் கதவைத் திறந்து வைத்தேன். கண் சிவந்து, நிற்கவே தள்ளாடினார்.

“கோவமா வரலம்மா. ராத்திரி தகரம் வெட்டுற மெஷின்ல கை வைக்கிறவன். பகல்ல தூங்கலேன்னா கண்ணு சொக்குது. இதப் பாரு” என்று வலது கையை நீட்டினார். ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றிருந்தது. அது போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

மெதுவாக்கா அந்த நிமிடமே அடங்கிவிட்டார். பிள்ளைகளை அடக்கத்தான் பாடுபட்டார். பெரியவளுக்கு அப்போது ஏழு வயது, சொன்னால் கேட்பாள். சின்னவனுக்கு நாலு. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிற வயது. கெஞ்சினார், மிரட்டினார், முதுகில் ஒன்று வைத்தும் பார்த்தார். எதற்கும் மசியாத பயலிடம் கடைசியில் சொன்னார்: “நீ குதிச்சேன்னா கீழ மாமாவோட இன்னொரு விரலும் போயிடும்.” பையன் அத்தோடு நின்றான். இரண்டு வருடமாக நிற்கிறான்.

அதற்காக அவர் சும்மா இருக்கும் ஆளுமில்லை. காலையிலிருந்து நின்று கடுத்த காலோடு வந்து, முகம் கழுவியதும் கூடத்தில் பிள்ளைகளோடு இறங்கிவிடுவார். பழைய விரிப்பின் முனைகளை மூவரும் பிடித்துக்கொண்டு, காலுறையைச் சுருட்டிய பந்தைத் தூக்கித் தூக்கிப் பிடிப்பார்கள். கீழே விழுந்தாலும் சத்தம் வராது. கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டு அதன்மேல் நடப்பார்கள். இன்னொன்று, சுவர் தள்ளுவது. எனக்கும் அவர்களுக்கும் பொதுவான சுவரை மூவரும் உள்ளங்கையால் தள்ளுவார்கள். முதலில் வியர்த்தவர் ஜெயித்தவர். ஆட்டம் முடிந்ததும் சின்னவன் என் வீட்டுக்கு வந்து, “நகர்ந்துச்சா தாத்தா?” என்று கேட்பான். “ஒரு நூல் நகர்ந்திருக்குடா” என்பேன். பொய் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகக் கூடாதா என்று ஒருநாள் அதிகப்பிரசங்கியாகக் கேட்டேன்.

“எங்க சார் போறது? தெருவுல இறங்கினா வண்டி. மைதானத்துல கார் நிறுத்துறாங்க. பார்க்குக்கு ரெண்டு பஸ் மாறணும். போய்ச் சேர்ந்தா வாட்ச்மேன் புல்லுல கால் வைக்காதேங்கிறாரு. இங்க மொட்டை மாடிக்குப் பூட்டு. வீட்டுக்காரரைக் கேட்டா, பிள்ளை விழுந்து வச்சா யாரு பதில் சொல்றதுங்கிறாரு. அவரு சொல்றதும் நியாயம்தானே?”

இதுதான் எனக்குப் பொறுக்காது. யாரைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் அவர்கள் பக்கத்து நியாயத்தையும் இவரே சொல்லிவிடுவார். கோபப்படக்கூட இடம் வைக்காமல் என்ன வாழ்க்கை இது?

விருந்தாளிகள் வந்தால், “பிள்ளைங்க இருக்கிற வீடு மாதிரியே இல்ல, எவ்வளவு அடக்கம்” என்று மெச்சுவார்கள். முன்பெல்லாம் அவருக்கு அதில் பெருமை இருந்தது. இந்த வருடம் பெரியவளின் விளையாட்டு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். ஓட்டப் பந்தயத்தில் எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகும் இவள் நுனிக்காலில் வந்துகொண்டிருந்தாளாம். ஏன் இப்படி ஓடுகிறாய் என்று கேட்டதற்கு, “சத்தம் வந்துடும் மிஸ்” என்றாளாம்.

அடுத்தது சின்னவன். பள்ளியில் பரிசோதனைக்கு வந்த டாக்டர் அவனைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். உடனே மூச்சு இளைத்திருக்கிறது. நெஞ்சில் கோளாறு இல்லை, காலில் வயதுக்குத் தகுந்த வலுவில்லை என்றார். தினமும் ஓடியாடி விளையாட வேண்டும், வீட்டில் எல்லோருமாக விளையாடுங்கள், இப்போது விட்டால் பிறகு கஷ்டம் என்று சொல்லி அனுப்பினார்.

“மருந்து எழுதியிருந்தா கடனை உடனை வாங்கியாவது வாங்கிடுவேன் சார். ஓடணும்ங்கிறாரு. அது எந்தக் கடையில விக்குது?” என்று என்னிடம் கேட்டார். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அழுதது கேட்டது. அழுகைகூட மெதுவாகத்தான்.

போன வாரம் கீழ்வீட்டு மாமா வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டுக்கே போய்விட்டார். கிளம்பும்போது சொல்லிக்கொள்ள மேலே வந்தார். “ரெண்டு வருஷமா என்னைத் தூங்க விட்டீங்களே, நல்லா இருப்பீங்க. இனிமே ஆசைதீரக் குதிங்க கண்ணுங்களா” என்று பிள்ளைகளின் தலையைத் தடவினார். சின்னவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தலையில் இருந்த கையை இழுத்து வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

முதல் தேதி கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் அங்கே வருகிறதாம். அதுவரை கீழே காலி. ஞாயிற்றுக்கிழமை காலை மெதுவாக்கா சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். “வாங்க சார், இன்னைக்கு எங்க வீட்டுல ஒரே கூத்துதான்.” போய்ப் பார்த்தால் கூடத்துச் சாமான்களை எல்லாம் ஓரங்கட்டியிருந்தார். நடுவில் பிள்ளைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன.

“ம், குதிங்க” என்றார்.

“கீழ யாரும்மா தூங்குறாங்க?” என்றாள் பெரியவள்.

“யாருமில்லடி. பூட்டின வீடு. சாவி வீட்டுக்காரர்கிட்ட இருக்கு.”

“மாமா திரும்பி வந்துட்டாருன்னா?”

“வரமாட்டாரு. நீ குதி.”

சின்னவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். நுனிக்காலில் எழும்பினான், முட்டை மேல் வைப்பதுபோல் குதிகாலைத் தரையில் இறக்கினான். “குதிச்சுட்டேம்மா” என்றான். நெற்றியில் வியர்த்திருந்தது.

மெதுவாக்கா என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே குதித்தார். அலமாரியில் பாத்திரங்கள் அதிர்ந்தன. “பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல” என்று இன்னொரு முறை குதித்தார். அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். “யாருக்கும் ஒண்ணும் ஆகாது. குதிங்களேன், தங்கம்” என்று மூன்றாவது முறையும் குதித்தார். சின்னவன் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தான்.

பெரியவள் அறைக்குள் போனாள். ஒரு தலையணையோடு வந்தாள். அம்மாவின் முன்னால் உட்கார்ந்து அதைத் தரையில் போட்டு, அவர் பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.