ஆத்தா எடுத்துக்கொண்ட கூலி

மருமகள் முறுக்கு சுடுகிறாள், விற்பதற்கு. அரிசி, எண்ணெய், கேஸ் என்று நோட்டில் செலவை எழுதி, மிச்சமெல்லாம் லாபம் என்கிறாள். அந்த எண்ணெய் வாசனையில் நான் பொன்னமராவதி சந்தைக்குப் போய்விட்டேன்.

அங்கேதான் என்னைப் பெற்ற ஆத்தா முறுக்கு விற்றாள். சந்தை கலைந்ததும் முந்தானையை விரித்து அரிசிக்கு, எண்ணெய்க்கு, விறகுக்கு என்று காசைப் பிரிப்பாள். அடுத்து, அந்தக் காலத்துச் சின்னச் செப்புக் காசான அம்மன் காசில் ஒரு பிடி எடுத்துத் தகர டப்பாவில் போடுவாள். அது அவள் கூலி. அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் அவளுக்கு லாபம்.

"ஒன் யாவாரத்துல ஒனக்கே கூலியா?" என்று அப்பா சிரிப்பார்.

"வேற ஒருத்தி வந்து சுட்டா குடுக்க மாட்டீங்களா?" என்பாள் ஆத்தா.

யுத்த காலத்தில் அரிசி கிடைக்காமல் யாவாரம் நின்றது. லாபக் காசெல்லாம் அப்பா வாங்கிய உழவு மாட்டில் முடங்கிக் கிடந்தது. அந்த நேரத்தில் மாட்டை வாங்கவும் ஆளில்லை. ஆத்தா டப்பாவைத் திறந்து, கேப்பை வாங்கிவந்து களி கிண்டினாள்.

"சாப்பிடுங்க. என் கூலிதான்."

அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"நோட்டுல ஒன் கூலியக் காணமே" என்றேன் மருமகளிடம்.

"எனக்கு நானே கூலியா, அத்தை?" என்று சிரித்தாள். அப்பா சிரித்த அதே சிரிப்பு.