மாதப்பன் எழுந்து நின்ற குற்றம்

ஓசூர்ப் பக்கம் பேரிகை ஊர் மாதப்பன் தன் வாழ்நாளில் நாற்பத்தொரு குஸ்தி பிடித்தார். முப்பத்தெட்டில் ஜெயம், மூன்றில் தோல்வி. தோற்ற மூன்றையும் யாரும் கேட்காமலே சொல்வார்: எந்த ஊர், எதிராளி யார், எந்தப் பிடியில் விழுந்தார் என்று. 1956 டிசம்பரில் நடந்த இரண்டை மட்டும் எதிலும் சேர்க்கமாட்டார். கடைசி மூன்று மாதம் பேச்சு போய்ப் படுக்கையில் கிடந்தபோதும், பார்க்க வந்தவர்கள் “ஹங்கேரிக்காரனை ஜெயிச்சவராச்சே” என்றால் தலையை ஆட்டி மறுத்தார். இரங்கல் நோட்டீஸில் அதையே அச்சடித்துவிட்டார்கள். அது பொய்.

நடந்தது இதுதான்.

மாதப்பன் ராகி பயிரிட்டவர். குஸ்தி கற்றது மாநில எல்லைக்கு அந்தப்பக்கம், ஆனேக்கல் கோதாவில். அங்கே பிடிகளின் பெயர் உருதுவில், தண்டால் எண்ணிக்கை கன்னடத்தில், வசவு தெலுங்கில். வலித்தால் மட்டும் அவரவர் தாய்மொழி. கோதாவின் சட்டம் எல்லோருக்கும் ஒன்று. எதிராளியின் இரண்டு தோளும் மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. அதற்கு மேல் அவனை ஒரு கணம்கூட அழுத்தக் கூடாது. வென்றவன் உடனே எழுந்து, கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். எழத் தாமதித்தவன் முதுகில், கற்றுக்கொடுக்கும் உஸ்தாதின் பிரம்பு இறங்கும். இருபது வருடத்தில் அது மாதப்பனின் உடம்பில் ஊறிப்போயிருந்தது.

அந்த டிசம்பரில் ஓசூரில் ஒரு குஸ்திக் கம்பெனி கூடாரம் போட்டது. நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தவர் புளி வியாபாரி சாந்த் பாஷா.

“மாதண்ணா, ஹங்கேரி இரும்பு மனுசனாம். இந்தச் சீமையில ஆம்பளையே இல்லன்னு மைக்ல கத்துறானுங்க.”

“நீ போய்ப் பிடிக்கிறதுதானே பாஷா?”

“நான் விழுந்தா தூக்க நாலு பேரு வேணும்ணா.”

மாதப்பனின் மனைவி வெள்ளையம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “களத்துல ராகி அடிக்காம கெடக்குது. இவரு ஹங்கேரிய அடிக்கப் போறாரு!”

போனார். மாதப்பனின் எடை நூற்று ஐம்பத்திரண்டு பவுண்டு. இரும்பு மனிதனின் எடை இருநூற்றுப் பத்து. தரை மண்ணல்ல, பலகை. மேலே கித்தான், சுற்றிலும் கயிறு. நான்காவது நிமிடம் மாதப்பன் தோபி பாட் போட்டார். சலவைக்காரர் துணியைத் தோளுக்கு மேல் கொண்டுவந்து கல்லில் அடிக்கும் அதே வீச்சு. உயரமானவனுக்கு இடுப்பு மேலே இருக்கும். அதன் அடியில் தன் இடுப்பைக் கொடுத்தால் நெம்புகோல் கிடைத்துவிடும். பிறகு அவன் எடையே அவனைத் தூக்கி எறியும். எறிந்தது. இரண்டு தோளும் ஒன்றாக இறங்கி, பலகை அதிர்ந்தது. கூட்டம் எழுந்து கத்தியது.

மாதப்பன் எழுந்தார். கை கொடுத்தார்.

அந்தக் கையைப் பிடித்து இழுத்து, காலை வாரி, அவர் மேல் விழுந்து அமுக்கினான் இரும்பு மனிதன். நடுவர் ஒன், டூ, த்ரீ என்று எண்ணினார். ஹங்கேரி ஜெயித்தது.

“அவன் முதுகு பட்டுதே! எல்லாரும் பார்த்தாங்களே!” என்றார் மாதப்பன்.

கம்பெனி முதலாளி ராமப்பன் மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார். “மூணு எண்ணுற வரைக்கும் அமுக்கிப் பிடிக்கணும்யா. அதான் உலகச் சட்டம்.”

“நீங்க எண்ண ஆரம்பிக்கவே இல்லையே!”

“நீதான் எந்திரிச்சுட்டியே!”

கூட்டம் சிரித்தது. சற்றுமுன் அவருக்காகக் கத்திய அதே கூட்டம்.

கூடாரத்தின் பின்னால் இரும்பு மனிதன் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். மாதப்பனைப் பார்த்ததும் எழுந்து நின்றான். “நல்ல அடிண்ணே. ஏன் எந்திரிச்சீங்க?”

மாதப்பன் கிட்டே போய் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். “தமிழா நீ?”

“தங்கவயல்ணே. பேரு லாரன்ஸ். தோலு செவப்புன்னு ஹங்கேரிக்காரனா ஆக்கிட்டாங்க. அப்பா சுரங்கத்துல இருந்தாரு.”

“கை கொடுத்தவன வாரிவிட்டியேடா.”

“அதுதாண்ணே எனக்கு வேலை.” தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் ராமப்பன் பேரிகைக்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிருஷ்ணகிரியில் மறுபடியும் குஸ்தி. “இந்தத் தடவை நீங்க ஜெயிக்கிறீங்க. ஆறாவது நிமிஷம் அவன் விழுவான்.”

“அவன் நேத்தே விழுந்துட்டான்.”

“அது நேத்து.”

மாதப்பனின் காது சிவந்தது. பக்கத்தில் இருந்த சாந்த் பாஷா மெதுவாக, “ஒத்துக்கண்ணா, ஊர் வாய் அடங்கும்,” என்றார். வருகிறேன் என்றார் மாதப்பன். ஒத்துக்கொண்டதாக ராமப்பன் எடுத்துக்கொண்டார். மாதப்பனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: எல்லார் கண் முன்னாலும் ஒரு நிஜமான குஸ்தி.

கிருஷ்ணகிரியில் ஆறாவது நிமிடம். மாதப்பனின் கை லாரன்ஸின் மார்பில் லேசாகப் பட்டது, அவ்வளவுதான். இருநூற்றுப் பத்து பவுண்டும் மல்லாந்து விழுந்தது. மாதப்பன் அவனை அமுக்கவில்லை. நின்றார்.

“எந்திரிடா. நான் தள்ளவே இல்ல. எந்திரிச்சுப் பிடி.”

“அமுக்குங்கண்ணே,” லாரன்ஸ் உதட்டை அசைக்காமல் கெஞ்சினான். “என் பொழப்பு போயிடும்.”

மாதப்பனுக்கு அவன்மேல் இருந்த கோபம் அந்தக் கணம் போனது. மற்றவர்கள்மேல் இரண்டு மடங்கானது. கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “இவன் தானா விழுந்தான்! மறுபடி பிடிக்கச் சொல்லுங்க!”

“அமுக்குய்யா அந்த வெள்ளைக்காரன!” என்றது கூட்டம்.

யாரும் அமுக்காமல் கிடந்தவனைப் பார்த்து நடுவர் மூன்று எண்ணினார். மாதப்பனின் கையை உயர்த்தினார். அவர் உதறினார், மறுபடி உயர்த்தினார்கள். பேண்டு முழங்கியது. மாலை விழுந்தது. நாலைந்து பேர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அங்கிருந்து அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை.

திமிறி இறங்கி, கூட்டத்துக்கு முன்னால் ஓடி, வாசலை மறித்து நின்றார். வெளியே வந்த முதல் ஆளின் தோளைப் பிடித்தார். “நான் ஜெயிக்கலீங்க. அவனை நான் தள்ளவே இல்ல. ஓசூர்ல தூக்கிப் போட்டேன், அதை எண்ணல. இங்க எண்ணினாங்க, இது பொய்.”

மத்தூர்ச் சந்தைக்கு வந்துபோகும் மாட்டுத் தரகர் அவர். முகமெல்லாம் மலர, மாதப்பனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“எம்மாம் அடக்கம்யா உனக்கு!”

மாதப்பன் அடுத்த ஆளின் தோளைப் பிடித்தார்.