பிளீச்சிங் பவுடர் தூவிய வெள்ளிக்கிழமை

ராஜபாளையத்தில் என் கணவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பழைய போன்களின் சர்க்யூட் போர்டுகளை ஆசிட்டில் ஊறப்போட்டுத் தங்கம் பிரிக்கலாம் என்று வீடியோ பார்த்து, பாத்ரூமிலேயே செய்தார். மிஞ்சிய ஆசிட்டைத் தரையில் கொட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். என்னிடம் சொல்லவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை; மறுநாள் புரட்டாசி சனி. வீடு கழுவிக்கொண்டே வந்தவள், பாத்ரூமில் பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். குபீரென்று மஞ்சள் புகை. மூச்சு அடைத்துச் சுருண்டு விழுந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்காதான் என்னை வெளியே இழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியில், "நீ இன்னைக்குக் கழுவுவேன்னு நெனைக்கலையே" என்று கணவர் அழுதார். எந்த வெள்ளிக்கிழமை நான் கழுவாமல் இருந்தேன்?

இப்போது போர்டுகளைப் பழைய சாமான் வியாபாரியிடம் அப்படியே கொடுத்துவிடுகிறார். கழுவும்முன், "பாத்ரூம்ல ஏதும் கொட்டுனீங்களா?" என்று கேட்கிறேன். இல்லை என்கிறார். அதற்குப் பிறகும், வாசலில் நின்று மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.