அம்மாவின் குங்குமமும் என் உதவித்தொகையும்

தோழிகளே, வீட்டு விஷயத்தை எழுதுவதற்கு மன்னியுங்கள்.

எம்.ஏ. உதவித்தொகைக்காக இன்று அம்மாவும் நானும் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி அலுவலகத்துக்குப் போனோம். அப்பாவின் கையெழுத்தும் வேண்டும் என்றார் குமாஸ்தா. விவாகரத்துத் தீர்ப்பை நீட்டினேன்.

அவர் அதைத் தொடவே இல்லை. அம்மாவின் நெற்றியைத்தான் பார்த்தார்.

“குங்குமம் வச்சிருக்காங்களே. அப்ப புருஷன் இருக்காருல்ல? பழைய வருமானச் சான்றிதழ்ல அவர் பேர்ல லால்குடி நிலம் இருக்கே, அந்த வருமானத்தையும் எழுதுங்க.”

“அது அவரோட புதுக் குடும்பத்துக்குப் போகுதுங்க,” என்றாள் அம்மா.

“அவர் செத்திருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும்மா.”

“அதை அவர்கிட்டயே சொல்லிப் பாருங்களேன்.”

நீதிபதியின் முத்திரையைவிடக் குங்குமத்தை நம்பும் மேதை அவர். அம்மாவின் வருமானம் மட்டும்தான் எங்களுக்கு என்று கெஜட்டட் அதிகாரி ஒருவர் எழுதித் தந்தால் யோசிப்பாராம்.

அம்மா குங்குமத்தோடு வந்து நின்றாலும் கையெழுத்துப் போடக்கூடிய அதிகாரி யாராவது உங்கள் வீட்டில் இருக்கிறாரா?