மாத்திரை போடாமல் கிளம்பிய காலை

காலை ஆறு மணிக்கு அஞ்சுகிராமத்தில் கார் ஏறினோம். தக்கலைப் பக்கத்து மருத்துவமனைக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அங்கே வேலை முடிந்ததும் திற்பரப்பு அருவிக்குப் போகவேண்டும். அது இன்னும் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய்வர இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று ஓட்டுநர் செல்வினிடம் பேசியிருந்தது. ஒரே மாவட்டத்துக்குள் போய்த் திரும்பியதைப் பயணம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எங்களுக்கு அது பெரிய பயணம்.

என் கணவர் தங்கராஜுக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், உடல் இறுகும், குரல் உள்ளே போய்விடும். அந்த மருத்துவமனையில் இந்த நோயை ஆராய்கிற குழுவுக்குத் தம்மைச் சோதித்துக்கொள்ளச் சம்மதம் கொடுத்திருந்தார். மருந்தின் துணை இல்லாமல் உடல் எப்படி இருக்கிறது என்று அவர்கள் பார்க்கவேண்டும். அதனால் முந்தைய இரவோடு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள்.

வாசலில் கார் நின்றது. அவருடைய கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. என் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தேன். தாண்டுவதற்கு ஏதாவது இருந்தால் கால் எழும்பும். அது ஏன் என்று மருத்துவர்களும் ஆராய்கிறார்களாம்.

"அண்ணாச்சிய நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க பைய எடுங்க அக்கா," என்றார் செல்வின்.

சுசீந்திரம் தாண்டி நாகர்கோவில் நெரிசலில் ஊர்ந்தோம். பக்கத்தில் அவர் அசையாமல் இருந்தார். வலிக்கிறதா, கோபமா, பசியா, அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. கல்யாணமான புதிதில் சிரிப்பை அடக்கத் தெரியாத மனிதர் என்று என் தங்கைகள் கேலி செய்வார்கள். பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது அந்த முகத்தை நினைத்துக்கொண்டேன். பக்கத்திலேயே இருக்கிறவரை நினைத்து ஏங்குவது வினோதமாகத்தான் இருந்தது.

ஏழரை மணிக்கு மருத்துவமனை. குழுவின் மருத்துவர் மார்த்தாண்டத்துப் பெண். பேச்சில் மலையாள ராகம். "பயப்படாண்டாம் அங்கிள், மெதுவா செய்தா போரும்," என்றார். விரல்களைத் தட்டச் சொன்னார்கள். தாளில் சுருள் வரையச் சொன்னார்கள். கோடு நடுங்கி, போகப்போகச் சிறுத்தது. பிறகு சின்னக் குப்பிகளை ஒவ்வொன்றாக மூக்கருகே பிடித்தார்கள். கிராம்பு, காப்பி, சோப்பு. எல்லாவற்றுக்கும் அவர் தலையை மெல்ல ஆட்டினார். ஒன்றும் தெரியவில்லை.

"மணம் போய் எவ்வளவு நாளாச்சு ஆன்டி?"

கை நடுங்குவதற்கு எத்தனையோ வருடம் முன்பே போய்விட்டது என்றேன். அஞ்சுகிராமத்தில் அவர் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தார். அந்த நெடி எனக்குக் குமட்டும். தமக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று அவர் பெருமையாகச் சொல்வார். தூக்கத்தில் கத்துவார், கனவில் யாரையோ உதைப்பார். அதுவும் அந்தக் காலத்தில்தான். மருத்துவர் கவனமாகக் கேட்டார். இந்த இரண்டுமே சிலருக்கு நோய் வெளியே தெரிவதற்கு வெகுகாலம் முன்பு வருமாம்.

"அப்பமே வந்திருந்தா?"

"அப்ப வந்திருந்தாலும் நிறுத்த மருந்து கிடையாது ஆன்டி. இப்பவும் கிடையாது. அது கிடைக்கும்போ நோய் வரப்போற ஆட்களை முன்னாலேயே கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் இந்தப் பாடு."

அப்போது என் கணவர் ஏதோ சொன்னார். மருத்துவர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக் குனிந்தார்.

"கடை மருந்தாலயா வந்தது?"

"ஒருத்தருக்கு இன்னதாலதான் வந்ததுன்னு சொல்ல முடியாது அங்கிள். சில பூச்சிமருந்துக்கும் இதுக்கும் தொடர்பு தெரியுது. அந்த மருந்தைத் தொட்டவங்க எல்லாருக்கும் வரதும் இல்ல."

அவர் இன்னும் மூச்சைச் சேர்த்தார். "என்கிட்ட வாங்கினவனுவளுக்கு?"

"தெரியாது," என்றார் மருத்துவர். "நீங்க வந்ததுனால, தெரிஞ்சுக்க ஒரு வழி கூடுது."

வீட்டில் ஒருநாளும் அவர் இதைப் பேசியதில்லை. எதற்காக இந்தச் சோதனைக்குச் சம்மதித்தார் என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது.

சோதனை முடிந்து பத்து மணிக்கு மாத்திரை கொடுத்தோம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். முதலில் அவர் தோள் தளர்ந்தது. பிறகு கண் இமைத்தது. முக்கால் மணி நேரம் போயிருக்கும். "ஏட்டி, பசிக்குது," என்றார். பிளாஸ்கில் கொண்டுபோன கஞ்சியைத் தாமே வாங்கிக் குடித்தார்.

குலசேகரம் வழியாக ரப்பர்த் தோட்டங்களின் நிழலில் போனோம். எங்கள் ஊரில் காற்றாலைகளும் வெயிலும்தான். இங்கே சாலையே ஈரமாக இருந்தது. நடுப்பகலில் திற்பரப்பு. கோதையாறு பாறை முழுக்க விரிந்து விழுந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்களும் பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகளுமாகக் கூட்டம். அவர் என் கையைப் பிடிக்காமல் படி இறங்கினார். நிழலில் ஒரு சிமென்ட் திட்டாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"நீ போய்க் குளி."

"உங்கள விட்டுட்டா?"

"நான் எங்க ஓடப்போறேன்? செல்வின் இருக்காம்லா. போ, ஏட்டி."

பெண்கள் குளிக்கும் பக்கம் போய்ச் சேலையோடு நின்றேன். தண்ணீர் தலையில் விழுந்தபோது மூச்சு நின்று வந்தது. இவருக்கு நோய் வந்தபிறகு யாரையும் பிடிக்காமல், எதையும் எடுத்துக் கொடுக்காமல் இவ்வளவு நேரம் நான் நின்றதில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கொஞ்சம் பின்தங்கிய சிரிப்புத்தான். இருந்தாலும் அவருடையது. அங்கேயே இன்னும் கொஞ்சம் நின்றேன். நான் அழுதது அந்தத் தண்ணீரில் யாருக்கும் தெரிந்திருக்காது.

திரும்பும் வழியில் குலசேகரத்தில் சாப்பாடு. மீனும் இறைச்சியும் சாப்பிட்டால் மாத்திரை சரியாகப் பிடிக்காது என்று சொல்லியிருந்தார்கள். அவர் அயிலை மீன் கறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு துண்டு மீனை ரசித்துத் தின்றார்.

நாகர்கோவில் தாண்டும்போது அவருடைய இடது கை நடுங்கத் தொடங்கிற்று. முகம் மெல்ல மூடிக்கொண்டது. அருவியில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இருந்திருந்தாலும் போதாது என்றும் தெரிந்தது.

அவர் உதடு அசைந்தது.

"என்ன சொல்லுதிய?"

மறுபடி அசைந்தது. பின்னால் லாரி ஆரன் அடித்தது. செல்வின் தாமாகவே வண்டியை ஓரம் கட்டி, ஏசியையும் பாட்டையும் நிறுத்தினார். என் காதை அவர் வாயோடு வைத்தேன்.

"தலைய நல்லா துவட்டுட்டி. நீர் கோத்துக்கிடும்."

பையிலிருந்து துண்டை எடுத்தேன். கொண்டையை அவிழ்த்து, அவர் பார்க்கும்படி திரும்பி உட்கார்ந்து, நிதானமாகத் துவட்டினேன். நான் முடிக்கும்வரை செல்வின் வண்டியை எடுக்கவில்லை.